பித்தளையக்கா கடையில் சும்மா நிற்க முடியாது

முதல் தடவை நான் அந்தக் கடைக்குப் போனது இடம் கேட்டு. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டு முழுக்கக் கடை. வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, ஓரமா ஒரு தையல் மிஷின் போட்டுக்கலாமா? வாடகை குடுத்துருவேன்" என்று கேட்டேன். பதில் வரவில்லை, ஒரு கை வந்தது. கையில் குத்துவிளக்கின் அடித்தட்டு.

"சும்மாதான நிக்கிற, இத்த ரவ புடி."

பிடித்தேன். மேல்தண்டைப் பொருத்தித் திருகினாள். கோணலாக நின்றது. கழற்றி மறுபடியும் திருகினாள். விளக்கு நேராக நின்ற பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என் வயிற்றைப் பார்த்தாள். எனக்கு அப்போது மசக்கை முடிந்து வயிறு தெரிய ஆரம்பித்திருந்த சமயம்.

"இன்னா கேட்ட?"

மறுபடி கேட்டேன். "போட்டுக்க. மிஷினு ஓடினுகீணும். ஓடாத மிஷினுக்கு என்னாண்ட எடம் இல்ல" என்றாள். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். அந்தத் தொண்ணூறுகளில் சுடிதார் வந்து பிளவுஸ் தைப்பவர்கள் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது. என் மிஷின் ஓடியதோ இல்லையோ, அவள் என்னை ஓட விட்டாள்.

அவள் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் சந்தில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டில் மட்டும் வாழ்ந்த பெயர் அது. எல்லோருக்கும் அவள் பித்தளையக்கா. அவளுடைய அப்பா அதே இடத்தில் காயலான் கடை வைத்திருந்தவர், துருப்பிடித்த இரும்பும் ஓட்டை அண்டாவும் எடைக்கு வாங்கி எடைக்கு விற்றவர். அவர் போன பிறகு அக்கா இரும்பை எல்லாம் தள்ளிவிட்டுப் பித்தளை, வெண்கலம், தேக்கு என்று மாறினாள். வாசலில் "ஆன்டிக்ஸ்" என்று பலகை மாட்டினாள். விலையும் எடையிலிருந்து விடுதலை அடைந்தது.

ஊரில் பழம்பொருள் கடைகள் நிறைய உண்டு. அங்கேயெல்லாம் போனால் பொருள்கள் கண்ணாடிக்குள் நாகரிகமாக நிற்கும். தொடாதே என்று எழுதியிருக்கும். அக்கா கடையில் நேர் எதிர். அங்கே இருந்த ஒரு பொருளாவது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. விற்பனைக்கு வைத்திருந்த பித்தளை ஃபில்டரில்தான் காலையில் டிகாக்‌ஷன் இறங்கும். ஒரு தடவை அதை வாங்கிப்போன அடையாறு அம்மா மறுநாள் திரும்பி வந்து, "உள்ளே டிகாக்‌ஷன் இருந்ததே" என்றாள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள் அக்கா. நல்லா இருந்ததாம்.

சுவர்க் கடிகாரங்கள் வரிசையாகத் தொங்கும். எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்து ஓட விட்டிருப்பாள். ஆனால் ஒன்றும் மற்றொன்றோடு ஒத்துப்போகாது. பன்னிரண்டு மணி அடிக்க ஆரம்பித்தால் கடைசிக் கடிகாரம் முடிக்கும்போது நான் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்து முடித்திருப்பேன். "ஏங்க்கா, ஒண்ணாவது சரியான நேரம் காட்டக் கூடாதா?" என்றால், "ஓடுதா இல்லியா? அத்தப் பாரு. நேரம் வேணும்னா எதுத்தாப்பல எஸ்டிடி பூத்துல கேளு" என்பாள்.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். காலை ஷிப்ட் முடிந்து வந்தால் கடையின் நடுவில் கிடந்த கருங்காலிக் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுவார். அந்தக் கட்டிலும் விற்பனைக்குத்தான். தி.நகரிலிருந்து வந்த ஒரு பட்டுப்புடவைக் கடை முதலாளி கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து, தயங்கி, "இது என்ன விலை?" என்று கிசுகிசுத்தார். "கட்டிலு மட்டும்தான் வெல" என்றாள் அக்கா. "அந்தாளு வூட்டுக்கு வேணும்."

பொருளை மட்டுமா, வந்த மனிதர்களையும் அவள் சும்மா விடுவதில்லை. போஸ்ட்மேன் வந்தால் உயரமான ஆள் என்பதால் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எதையோ பார்க்க வந்தார்கள். அந்த மனுஷன் கையில் முறுக்கு உரலைத் திணித்து, மாவையும் போட்டு, "புழி நைனா, புழி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். அவர் முகமெல்லாம் சிவந்து, வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் தான் பிழிந்த முறுக்கைத் தானே தின்று, உரலையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்து கேமராவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தையும் துலக்கக் குடத்தையும் அக்கா கொடுத்தது தனிக் கதை.

எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இது எத்தனை வருஷப் பழசு? அதற்கு அவளிடம் ஒரே பதில்தான்.

"எனுக்கு எப்படிம்மா தெரியும்? நான் இன்னா அதுக்குப் பிரசவம் பாத்தனா?"

மற்ற கடைக்காரர்கள் நாக்கூசாமல் நூறு, இருநூறு என்று அடித்துவிடுவார்கள். இவள் அப்படிச் சொல்ல மாட்டாள். தெரியாது என்றால் தெரியாதுதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "சொன்னா வாயிலருந்து முத்தா உதிர்ந்துரும்?" என்று சண்டை போடுவேன். "வேலை செய்தா? செய்து. அவ்ளோதான் எனுக்குத் தெரியும்" என்று போய்விடுவாள்.

எனக்கு மகள் பிறந்த பிறகு, கொஞ்ச நாளிலேயே மிஷினுக்குத் திரும்பிவிட்டேன். வேறு வழி? என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை ஊர் ஊராகச் சுற்றுவது. குழந்தையைக் காலடியில் ஒரு பாயில் போட்டுக்கொண்டு தைப்பேன். தீபாவளி கழிந்து ஒரு நாள் அக்கா ஒரு மாட்டுவண்டியோடு வந்தாள். தி.நகரில் ஒரு பெரிய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிறார்களாம். அங்கேயிருந்து ஒரு தொட்டில். தேக்கு. இரண்டு பக்கமும் தூண், தூண் உச்சியில் ஆளுக்கொரு கிளி, நடுவில் பித்தளைக் கொக்கியில் ஆடுகிற பெட்டி. கையில் இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டாள். அவள் புருஷன் தலையில் கை வைத்துக்கொண்டு அந்தக் கருங்காலிக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தொட்டிலை இறக்கி வைத்ததும் அக்கா செய்த முதல் காரியம், உள்ளே போய் ஒரு சின்ன அம்மிக்குழவியைக் கழுவி, துடைத்து, அதற்குள் படுக்கவைத்தது. எங்கள் பக்கத்திலும் பேர் வைக்கிற அன்று குழந்தைக்கு முன்னால் குழவியைத்தான் தொட்டிலில் போடுவார்கள். வெறும் தொட்டில் ஆடக் கூடாது.

"அதான் குழவி போட்டாச்சுல்ல, அப்புறம் எதுக்கு என் புள்ளயப் பாக்கறீங்க?" என்றேன். அவள் பார்வை போன இடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கல்லு எத்தினி நாளு தூங்கும்? இத்தக் குடு."

அப்படித்தான் என் மகள் அந்தக் கடையிலேயே விலை உயர்ந்த பொருளுக்குள் போய்ப் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. மிஷின் சத்தம், கடிகாரங்கள் அடிக்கிற சத்தம், கண்டக்டர் குறட்டை எல்லாவற்றுக்கும் நடுவில் அப்படி ஒரு தூக்கம். நான் ஊட்டுவதற்கு எடுத்தால் குழவி உள்ளே போகும். இவளைப் போட்டால் குழவி வெளியே வரும். குழவியை அக்கா "பெரியவ" என்பாள், என் மகளைச் "சின்னவ" என்பாள். "பெரியவளுக்கு ஒரு சட்ட தையேன், குளுருது பாவம்" என்று ஒரு நாள் சொன்னாள். நானும் வெட்டித் துணியில் பூப்போட்ட கவுன் ஒன்று தைத்துப் போட்டேன். கல்லுக்கு அளவெடுத்துத் தைத்த ஒரே தையல்காரி நான்தான் என்று நினைக்கிறேன். கழுத்து மட்டும் கொஞ்சம் இறுகிவிட்டது.

அந்த வருஷத்துக் குளிர்காலம்தான் எங்களை ஒரு கை பார்த்தது. சென்னையில் குளிர்காலம் என்றால் என்ன, மழை நின்று, மார்கழி பிறந்து, காலையில் ஒரு சால்வை போர்த்திக்கொள்ளலாமா என்று தோன்றும். அவ்வளவுதான். கச்சேரி கேட்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மயிலாப்பூரில் திரிவார்கள். அக்காவுக்கு வருஷத்துச் சோறு அந்த ஒரு மாதத்தில்தான். அந்த வருஷம் மழை நிற்கவில்லை. ஐப்பசியில் பிடித்தது கார்த்திகையைத் தாண்டி மார்கழிக்குள்ளும் நுழைந்துவிட்டது. சந்தில் முழங்கால் தண்ணீர். அதில் யாருடைய செருப்போ மிதந்து போகும், எங்கள் கடைக்கு வந்த ஒரே விருந்தாளி அதுதான்.

முன்கட்டின் ஓட்டுக் கூரை வேறு ஒழுகியது. ஒழுகின இடத்திலெல்லாம் அக்கா ஒவ்வொரு பாத்திரமாக வைத்தாள். இங்கே ஒரு சொம்பு, அங்கே ஒரு தவலை, கட்டில் மேல் ஒரு தாம்பாளம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். பின்கட்டு மாடியில் குடியிருந்த வீட்டுக்கார மாமா கீழே இறங்கி வந்து, காதைச் சாய்த்துக் கேட்டு, "தாளம் தப்பறதே" என்றார். அக்கா ஒரு கிண்ணத்தை நகர்த்தினாள். "இப்போ தேவலை" என்றார்.

நல்ல மனுஷர். ஆனால் அவர் அன்றைக்கு வந்தது தாளம் கேட்க இல்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நின்றார். சும்மா நின்றால் அக்கா விடுவாளா? ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறி ஓட்டையில் தார்ச் சாக்கைத் திணிக்க ஆரம்பித்துவிட்டாள். அவர் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவளுடைய பாதத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு. பொண்ணுக்குத் தையில கல்யாணம் வெச்சுண்டு இருக்கேன். ரெடிமேட் சுடிதார் கடைக்காரா வந்து நாயா பேயா கேட்டுண்டிருக்கா. பெரிய அட்வான்ஸ். உன்னை அனுப்பணும்னு எனக்கு இல்லே. பொங்கலுக்குள்ள நீயும் அட்வான்ஸைக் கூட்டிக் குடுத்துடு. முடியலேன்னா..."

"ஏணிய கெட்டியாப் புடி மாமா" என்றாள் மேலேயிருந்து.

அவர் போன பிறகு இறங்கி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் பித்தளை தேய்க்கிற துணி இல்லை, புளி இல்லை, ஒன்றும் இல்லை. மடியில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அக்கா சும்மா உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். மாமா சொன்னதைக் கேட்டபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. அந்தக் கடை போனால் என் மிஷினும்தான் தெருவுக்கு வரும், அது வேறு. ஆனால் அந்த நிமிஷம் என் மிஷின் ஞாபகமே எனக்கு வரவில்லை, சத்தியமாக.

என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிளவுஸையும் ஊசி நூலையும் அவள் மடியில் போட்டேன். "சும்மாதான இருக்கீங்க. இந்தக் கொக்கியக் கொஞ்சம் வைங்க" என்றேன்.

என்னை முறைத்தாள். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொக்கி வைத்தாள். எல்லாவற்றையும் தலைகீழாக வைத்தாள், நான் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

மழை கொஞ்சம் மூச்சுவிட்ட ஒரு நாளில் ஓட்டல்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தெற்குச் சீமைப் பேச்சு. மகாபலிபுரம் போகிற வழியில் கடலோரமாக ஒரு ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குத் திறப்பு விழா. வாசலில் நுழைந்ததுமே தொட்டிலைப் பார்த்துவிட்டார். அந்த நேரம் உள்ளே இருந்தது பெரியவள். இவர் குனிந்து, கவுனைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "பாப்பா தூங்குதா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்க நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அது எப்பவும் தூங்கும்" என்றாள் அக்கா. "இன்னா வேணும்?"

தொட்டில்தான் வேண்டும். வரவேற்பறையில் வைக்கப் போகிறார். விலை கேட்டார். அக்கா சொன்ன விலையைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது, அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போகிக்கு முதல் நாள் வண்டியோடு வந்து பணத்தைக் கொடுத்து எடுத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பணம் வந்தால் மாமாவுடைய பெண் கல்யாணமும் நடக்கும், எங்கள் கடையும் இருக்கும். மாமா வைத்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால்தான் அது வரும்.

இடைப்பட்ட நாள்களில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, என் மகளைத் தொட்டில் மறக்கப் பழக்க முயன்றது. புடவையில் தூளி கட்டிப் போட்டால் ஊரைக் கூட்டினாள். பாயில் போட்டால் மாடியிலிருந்து மாமா இறங்கி வந்து, "சுருதி ஏறிண்டே போறதே" என்றார். தொட்டிலில் போட்ட நிமிஷம் கப்சிப். இரண்டாவது காரியம்தான் எனக்கு வில்லங்கமாக வந்தது. அவளுக்குப் பல் முளைத்தது. முளைத்த பல்லுக்கு வேலை வேண்டாமா? ஒரு நாள் குனிந்து பார்த்தால் தொட்டில் விளிம்பில், கிளிக்குக் கீழே, புதுசாக இரண்டு குட்டிப் பள்ளம்.

"அக்கா! தேக்கக் கடிச்சு வச்சிருக்கா! அவரு வேணாம்னுட்டுப் போயிட்டா?"

அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். "ஷோக்கா கடிச்சிக்கீறா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "சந்தன எண்ணெ தடவி மறைக்கலாமா?" என்று கேட்டேன். "இன்னாத்துக்கு? நான் இன்னா திருடினனா?"

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து தூறல். என் மகள் முந்தின இரவு முழுக்கப் பல் வலியில் அழுதுவிட்டு, மத்தியானம்தான் தொட்டிலில் கண் அசந்தாள். அவள் அசந்ததும் வாசலில் வண்டி வந்து நின்றது. ஓட்டல்காரர் பேண்டை மடித்துக்கொண்டு சந்துத் தண்ணீரில் நடந்து வந்தார். பின்னால் தொட்டிலைத் தூக்க இரண்டு பேர். அக்கா வாசலுக்குப் போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"புள்ள தூங்குது. எழுந்துகினதும் எடுத்துக்கினு போ."

"போன தடவையும் தூங்கிச்சே?"

"அது பெரியவ. இது சின்னவ."

அவர் எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை உள்ளே மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பாய்ந்துபோய், "தூக்கிக்கிறேன் சார், ஒரு நிமிஷம்" என்றேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போகி நாளைக்கு. மாடியில் மாமா காத்திருக்கிறார். தூக்கத்தைக் கலைத்தால் குடியா முழுகிப்போகும்? இவளுக்குப் பைத்தியமா?

"நீ கம்முனு இரு" என்றாள் என்னிடம். அவரிடம் திரும்பி, "காலெல்லாம் ஈரம். குந்து நைனா" என்றாள்.

பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு பாவாடையை இரண்டு தடவை தப்பாகத் தைத்தேன். பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் வெந்நீர் வந்தது. ஓட்டல்காரர் கால் அதற்குள் போனது. ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கியது. வெள்ளி முலாம் தேய்ந்த டபராவில் காபி வந்தது. கால் நீட்டிக்கொள்ள இரண்டு பக்கமும் நீளக் கை வைத்த பிரம்புச் சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவரைச் சாய்த்தாள். தூக்க வந்த ஆள்கள் இரண்டு பேரையும் பின்கட்டுக்கு அனுப்பி ஒழுக்குக்கு வைத்த பாத்திரங்களில் இருந்த தண்ணீரைக் கொட்டச் சொன்னாள். அவர்களும் ஏன் என்று கேட்காமல் கொட்டினார்கள். காபி முடிவதற்குள் ஓட்டல்காரர் கண் சொருகிவிட்டது.

என் மகள் எழுந்தாள். கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்து, பொக்கை வாயில் இரண்டு பல் தெரியச் சிரித்தாள். நான் அவளை வாரி எடுத்தேன். "அக்கா, தொட்டில் காலி! அவர எழுப்புங்க!"

"தூங்கறவங்கள எழுப்பக் கூடாது."

"அக்கா!"

"கொயந்தைக்கு ஒரு நாயம், பெரியவருக்கு ஒரு நாயமா? பாவம், அந்தாளு மூஞ்சியப் பாத்தியா? எத்தினி நாளாத் தூங்கலியோ." சொல்லிக்கொண்டே பெரியவளைத் தொட்டிலில் போட்டுப் போர்த்திவிட்டாள்.

அவரைக் கடிகாரங்கள்தான் எழுப்பின. ஒன்று ஆரம்பித்து, அடுத்தது, அதற்கடுத்தது என்று ஆறு மணியை அவை அடித்து முடிப்பதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து, தான் எங்கே இருக்கிறோம் என்று நாலா பக்கமும் பார்த்தார். முகம் துடைத்தார்.

"ஓட்டல் வேலை ஆரம்பிச்சதுலருந்து நான் இப்படித் தூங்குனதே இல்லம்மா" என்றார்.

எழுந்து தொட்டிலிடம் போனார். விளிம்பைத் தடவிக்கொண்டே வந்த விரல் கிளிக்குக் கீழே நின்றது. நான் மகளை இறுக்கிக்கொண்டேன்.

"இது என்ன, பல்லுத் தடம் மாதிரி? இது எத்தனை வருஷப் பழசு?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு மட்டும் அக்காவிடம் பதில் இருந்தது. "போன வாரத்துது. தோ, கடிச்சவ இங்கதான் கீறா."

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் இரண்டு பல்லையும் காட்டினாள். மனுஷர் கடகடவென்று சிரித்தார்.

பணத்தை எடுத்துக் கொடுத்தார். சாய்வு நாற்காலியையும் வண்டியில் ஏற்றச் சொன்னார். அக்கா பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டாள். "இத்த அங்க இன்னா பண்ணுவ?"

"ரிசப்ஷன்ல வைக்கிறேன். உள்ள பூ போட்டு அலங்காரம் பண்ணலாம்னு சொன்னாங்க."

"பூவு சாயங்காலம் வாடிப்பூடும். அப்பால வெறும் தொட்டிலா ஆடினுகீணுமா?" பெரியவளைக் கவுனோடு அள்ளி அவர் கையில் வைத்தாள். பாரம் தெரியாமல் வாங்கியவர் முன்னால் ஒரு குனி குனிந்தார். "இத்தயும் எடுத்துக்க. இதுக்குக் காசு வாணாம். புள்ள கீறப்போ புள்ளயப் போடு, இல்லாதப்போ இவள. சும்மா மட்டும் வெச்சே, நானே பஸ் ஏறி வந்து தூக்கிக்கினு வந்துருவேன்."

அவர் குழவியை மார்போடு அணைத்துக்கொண்டு, சந்துத் தண்ணீரில் தொட்டிலுக்குப் பின்னால் நடந்து போனார். அக்கா அந்தப் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் மாடிக்குப் போய் மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். அந்தக் கண்ணோடே அவரைக் கல்யாண வீட்டுக்கு அண்டா துலக்க வைத்துவிட்டாள் என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து, போகித் தீயில் போடுவதற்கு முன்னால் என்னாண்ட காட்டு என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு போனாள்.

என் மகளா? ஒரு பெரிய வெண்கல உருளியில் பழம்புடவை விரித்து அதில் படுக்கவைத்தாள் அக்கா. அது ஆடாது, ஆனால் லேசாகத் தட்டினால் கிண்ணென்று ஒரு நாதம் வரும். என் மகள் அதற்கு மயங்கிவிட்டாள். கேரளத்துக்காரர் ஒருவர் விலை கேட்டு வந்து, உள்ளே பார்த்து, மிரண்டு போனார்.

கடை அதற்கப்புறம் பல வருஷம் ஓடியது. அக்கா கடைசிக் காலத்தில் ஈக்காட்டுத்தாங்கலில் மகன் வீட்டில் இருந்தாள். கீழே லேத் பட்டறை, மேலே வீடு. நான் போகும்போதெல்லாம் ஆய்வதற்கு முருங்கைக்கீரை கொடுப்பாள். அவள் போன அன்றும் போனேன். எல்லோரும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் புருஷன் வெளியே வந்து, எல்லோரையும் ஒரு தடவை பார்த்து, "இப்படிச் சும்மா நிக்காதீங்கப்பா, அவளுக்குப் புடிக்காது" என்றார். ஒருவர் நாற்காலி போட்டார். ஒருவர் தண்ணீர் பிடித்தார். நான் உட்கார்ந்து பூ கட்டினேன், அழுதுகொண்டேதான் கட்டினேன்.

போன கோடையில் என் மகள் என்னை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போனாள். இப்போது அவள் வேலைக்குப் போகிறவள், கார் ஓட்டுகிறவள். வழியில் காபி குடிக்கலாம் என்று ஒரு ஓட்டலில் நிறுத்தினாள். நுழைந்ததும் முதலில் பார்த்தது கிளியை.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ விருந்தாளியின் குழந்தை, வாயில் விரலோடு, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில். பெரியவள் எங்கே என்று தேடினேன். வரவேற்பு மேஜை மேல் இருந்தாள். கடல் காற்றில் பேப்பர்கள் பறக்காமல் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் கவுன். நான் தைத்தது இல்லை, புதுசு. யார் தைத்ததோ, கழுத்து சரியாக வைத்திருந்தாள்.

என் மகள் தொட்டில் விளிம்பில் குனிந்து விரலால் தேடினாள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் ஆயிற்றே. கிளிக்குக் கீழே விரல் நின்றது. "அம்மா, இருக்கும்மா!" என்று கத்தினாள். தொட்டிலுக்குள் ஒரு சிணுங்கல் கேட்டது.

மேஜைக்குப் பின்னால் ஒரு கையில் டெலிபோனும் மறு கையில் தொட்டிலுமாக இருந்த பெண் தொட்டிலை விட்டு உதட்டில் விரலை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மேடம், சும்மாதானே நிக்கிறீங்க? கொஞ்சம் ஆட்டுங்களேன்."

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆட்டினேன்.